இரண்டு இடது தகடுகள்

கணக்கு வாத்தியார் வீட்டில் விமானம் கட்டுகிறார் என்று கேள்விப்பட்டதும் மருந்துக்கடைக்காரர் தன் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி, “பொண்ணைக் கொடுக்கறதுக்கு முன்னாடி இந்த விஷயம் நமக்குத் தெரியுமா?” என்பதுதான்.

தெரியாது. கல்யாணப் பேச்சின்போது, மாப்பிள்ளையின் அப்பா கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர், அமைதியானவர், சர்க்கரையோ கொதிப்போ இல்லாதவர் என்றுதான் சொன்னார்கள். கடைசியில் சொன்னது மருந்துக்கடைக்காரருக்கு மிகவும் பிடித்திருந்தது. அந்த மனிதர் ஓய்வு பெற்ற கையோடு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு உரிமம் வாங்குவார், அது போதாதென்று பெட்டி பெட்டியாக அலுமினியத் தகடுகளை வரவழைத்துக் கார் ஷெட்டில் அடுக்குவார் என்று யார் கண்டது? கார் இப்போது தெருவில் வெயில் காய்கிறது.

“பொம்மை விமானமா?” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நிஜமாவே ரெண்டு பேர் உட்கார்ந்து போறதாம். பாகம் பாகமா வருமாம், நாமளே மாட்டிக்கணுமாம்.”

“அலமாரி மாட்டற மாதிரியா?”

“அலமாரி கழண்டா துணி விழும். இது கழண்டா சம்பந்தி விழுவார்” என்றாள் மனைவி.

அடுத்த வாரமே மகள் வந்து நின்றாள். “அப்பா, மாமாவுக்கு ஒரு கை குறையுது. ரிவெட் அடிக்க எப்பவும் ரெண்டு பேர் வேணுமாம். உங்க மாப்பிள்ளைக்கு ஆபீஸே சரியா இருக்கு. அத்தை சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கறாங்க. உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கடை லீவுதானே?”

மகள் வாய்விட்டுக் கேட்டபின் மறுக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை சலவைச் சட்டையோடு போய் நின்றார். சம்பந்தி வீடு அல்லவா, பழைய சட்டையில் போனால் நன்றாக இருக்காது என்று மனைவி சொல்லியிருந்தாள். மதியத்துக்குள் அந்தச் சட்டை எண்ணெயிலும் அலுமினியத் தூளிலும் புரண்டு, அடுப்புத் துடைக்கும் துணியாகப் பதவி இறங்கிவிட்டது.

ரிவெட் அடிப்பது பார்ப்பதற்குச் சின்ன வேலை. இரண்டு தகடுகளின் துளைகளை ஒன்றாக வைத்து, அதில் ஒரு குட்டி ஆணியைச் செருக வேண்டும். வெளியே ஒருவர் காற்றில் ஓடும் ரிவெட் கன்னை அதன் தலையில் வைத்து அழுத்துவார். உள்ளே இன்னொருவர் அதன் வாலில் ஓர் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்துப் பிடிப்பார். கன் ‘டர்ர்ர்’ என்று அதிர, வால் நசுங்கி மொட்டுப் போல விரிந்து தகடுகளைக் கவ்விக்கொள்ளும். ஒருவர் கண் இமைக்கும் நேரம் முந்தினாலும் ஆணி கோணிவிடும், பிந்தினால் தகடு குழிந்துவிடும். அதனால் இந்த வேலையில் இரண்டே இரண்டு சொற்கள்தான் தேவை: அடி, நிறுத்து.

அந்த இரண்டு சொற்களைத்தான் சம்பந்தியிடம் சொல்ல முடியாது.

“நான் தயாரா இருக்கேன் சம்பந்தி. உங்களுக்குச் சௌகரியப்பட்டா அடிக்கலாம்.”

“இல்லை இல்லை, நீங்க சொல்லுங்க, அப்புறம் அடிக்கிறேன்.”

“நீங்க பெரியவங்க, நீங்க ஆரம்பிங்க.”

இதற்குள் கட்டை பிடித்த கை மரத்துப்போகும். ‘டர்ர்ர்’ என்று கன் கிளம்பியபின், “கொஞ்சம் நிறுத்தினா நல்லா இருக்குமோன்னு…” என்று மருந்துக்கடைக்காரர் வாக்கியத்தை முடிப்பதற்குள் ரிவெட் நெற்றிப்பொட்டு போலத் தட்டையாகிவிடும். வாத்தியார் எட்டிப் பார்த்து, “அருமை சம்பந்தி, அருமை” என்பார்.

விசித்திரம் என்னவென்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை கோணலாக விட்டுப்போன ரிவெட், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் நேராக இருந்தது. ஒன்றிரண்டு அல்ல, வரிசையாக. மருந்துக்கடைக்காரர் விரலால் தடவிப் பார்த்தார். காயம் ஆறுவதுபோல அலுமினியத்துக்கும் தானாக ஆறுகிற குணம் இருக்கிறது போலும் என்று முடிவு கட்டினார். மருந்து விற்கும் மனிதர் வேறு எப்படி நினைப்பார்?

இறக்கைகள் இப்படியே முடிந்தன. தகடு தட்டையாக இருந்த வரைக்கும் வண்டி ஓடியது. வாலுக்கு வந்தபோதுதான் வினையும் வந்தது.

விமானத்தின் உடம்பு பின்பக்கம் கூம்பாகக் குறுகிக்கொண்டே போய், நுனியில் வால் செங்குத்தாக எழும்பும். அந்தச் சந்தியைப் போர்த்தும் தகடு குறுக்கிலும் வளைய வேண்டும், நெடுக்கிலும் வளைய வேண்டும். ஒரு மூலையை அழுத்தினால் மறுமூலை எகிறும். அதற்கு அடியில், உள்ளே, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக உள்ளங்கை அகலத்தில் இரண்டு முக்குத் தகடுகள் உட்கார வேண்டும். பெட்டியில் அவை தட்டையாகத்தான் வரும். மர அச்சில் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி ஓரங்களை நாமே மடிக்க வேண்டும். ஓரங்களை மேல்நோக்கி மடித்தால் இடது. அதே தகட்டைக் கீழ்நோக்கி மடித்தால் வலது. செருப்பு மாதிரி.

வாத்தியார் ஒரு வாரம் முழுக்க உட்கார்ந்து அவற்றை மடித்து, துணியில் சுற்றி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதைப் பிரித்துக் காட்டும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை.

“எப்படி இருக்கு சம்பந்தி?”

மருந்துக்கடைக்காரர் பார்த்தார். இரண்டும் இடது. ஒரு கோணமும் பிசகாத, ஒரு கீறலும் விழாத இரண்டு இடது தகடுகள். வாழ்நாளெல்லாம் கரும்பலகையில் கண்ணாடிப் பிம்பம் வரைந்து காட்டிய மனிதர் இரண்டு இடது கால் செருப்பைத் தைத்து வைத்திருக்கிறார். இதை எப்படிச் சொல்வது? கொஞ்சம் யோசித்துச் சாடையாகச் சொன்னார்:

“ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கு சம்பந்தி.”

வாத்தியாரின் கண் கலங்கிவிட்டது. “ஒரே மாதிரி வரணும்னுதான் அவ்வளவு பாடுபட்டேன். உங்க கண்ணுக்குத்தான் அது தெரியுது.”

வீட்டுக்கு வந்ததும் விஷயத்தை மனைவியிடம் போட்டு உடைத்தார். அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு எச்சரித்தாள். “வாயைத் திறக்காதீங்க. நாக்கு துறுதுறுன்னா கடிச்சுக்குங்க. நாம பொண்ணைக் கொடுத்தவங்க.”

“அதுக்காக? நாளைக்கு விமானம் விழுந்தா?”

“விமானம் விழுந்தா அப்போ பார்த்துக்கலாம். வார்த்தை விழுந்தா அள்ள முடியாது.”

அதனால் அடுத்த வாரம் மருந்துக்கடைக்காரர் திருட்டு வேலையில் இறங்கினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாத்தியார் சற்று நேரம் கண்ணயர்வார். அந்த இடைவெளியில் ஒரு தகட்டை எடுத்து, ஓரங்களை நிமிர்த்தி, அச்சில் கவிழ்த்துப் போட்டு, சத்தம் வெளியே கேட்காமலிருக்கச் சுத்தியலுக்குத் தன் கைக்குட்டையைக் கட்டி, வியர்க்க விறுவிறுக்கத் தட்டி வலதாக மாற்றினார். மடிப்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. பரவாயில்லை. துணியில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். வீட்டுக்குத் திரும்பும்போது, ஓர் உயிரையும் ஓர் உறவையும் சேர்த்துக் காப்பாற்றிய நிம்மதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை துணியைப் பிரித்தால் இரண்டும் வலது.

அவருக்குத் தலை சுற்றியது. இரண்டையும் நானே மாற்றிவிட்டேனா? அல்லது அன்றைக்கு முதலில் பார்த்ததே ஒன்று வலதா? கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கை இது. அந்தக் கையின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வாத்தியாரும் அன்று ஏதோ பேயறைந்தவர்போல அந்தத் தகடுகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். “அழகா இருக்கு” என்றார் ஒருவர். “ரொம்ப” என்றார் மற்றவர்.

மதியம் மறுபடி கைக்குட்டை, மறுபடி சுத்தியல். ஒன்றைத் திரும்பவும் இடதாக மாற்றினார். அதற்கடுத்த வாரம் பார்த்தால் இரண்டும் இடது. ஓரங்களில் நூல் நூலாக விரிசல். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாவது ஒரு தடவையோடு முடிந்தது. இங்கே பிள்ளையாரும் குரங்கும் மாறி மாறி வந்துகொண்டிருந்தார்கள்.

எது இடது எது வலது என்றே குழம்பிக் கிடந்த அந்த நேரத்தில் வாத்தியார் ஒரு செய்தி சொன்னார். “இன்னைக்குப் பரிசோதகர் வர்றார் சம்பந்தி. வாலை மூடறதுக்கு முன்னாடி உள்ளே எல்லாம் பார்க்கணுமாம். அவர் வர்றதுக்குள்ள தகட்டைப் போர்த்திப் பார்த்துட்டா ஒரு திருப்தி. நாலு ரிவெட் மட்டும் அடிச்சு வைப்போம்.”

லாரியில் சரக்கு கட்டும் பெல்ட்டுகளைப் போட்டு, வால் தகட்டைச் சுற்றி இறுக்கினார்கள். ஸ்பிரிங் கிளிப்புகளால் துளைகளைப் பிணைத்தார்கள். ஆனால் தகடு படிந்தால்தானே? நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ‘டொப்’ என்று உள்ளே போகும், எடுத்தால் ‘டொப்’ என்று வெளியே வரும். காலி டின் மாதிரி. இரண்டு இடது தகடுகள் அடியில் உட்கார்ந்திருக்கும்போது வலப்பக்கம் எப்படிப் படியும்?

வாத்தியார் ஆகிருதியான மனிதர். ஆகவே உள்ளே போகும் பொறுப்பு ஒல்லியான மருந்துக்கடைக்காரருக்கு. டார்ச்சும் இரும்புக் கட்டையுமாக, கூம்புக்குள் குப்புறப் படுத்து ஊர்ந்து போனார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. உள்ளே அடுப்பு மாதிரிச் சூடு. மூக்கில் வியர்வை.

“உங்களுக்குச் சௌகரியமா சம்பந்தி?” என்று தகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வாத்தியாரின் குரல்.

“சௌகரியத்துக்கு என்ன குறைச்சல்… ஒரு நிமிஷம் பொறுத்து நீங்க…”

‘நீங்க’ என்பது காதில் விழுந்ததும் வாத்தியார் கன்னை அழுத்திவிட்டார். டர்ர்ர்ர்! கட்டை இன்னும் பக்கத்துத் துளையில் இருந்தது. ரிவெட் நழுவ, தகடு குழிந்து, கட்டை எகிறி மருந்துக்கடைக்காரரின் மூக்கில் விழுந்தது. கண்ணில் பொறி பறந்தது. அதோடு இத்தனை மாதங்களாகக் கடித்து வைத்திருந்த நாக்கும் விடுபட்டுக்கொண்டது.

“யோவ்! நிறுத்துய்யா!”

கன் நின்றது.

வெளியிலிருந்து மெல்லக் கேட்டது. “யாரைப் பார்த்து ‘யோவ்’ங்கறீங்க?”

“இருட்டுல எனக்கு யாரும் தெரியலை. பொதுவாத்தான் சொன்னேன்!”

“நான் காலேஜ்ல முப்பது வருஷம்…”

“அதான் தெரியுதே! முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு இடது எது வலது எதுன்னு தெரியலை! ரெண்டு தகடும் இடது! முதல் நாளே எனக்குத் தெரியும்!”

“தெரிஞ்சா சொல்றதுக்கென்ன? நீங்க அடிச்ச ரிவெட் பத்தி நான் ஏதாவது சொன்னேனா? வாராவாரம் திங்கள்கிழமை முழுக்க அதைப் பிடுங்கிப் பிடுங்கித் திரும்ப அடிக்கிறதுதானே எனக்கு வேலை! எதிர்வீட்டுப் பையனைக் கட்டை பிடிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கிட்டு இருக்கேன்!”

தானாக ஆறும் அலுமினியத்தைப் பற்றி மருந்துக்கடைக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. அவமானத்தில் குரல் இன்னும் ஏறியது.

“அப்படியா? உங்க தகட்டை நான்தான் மத்தியானம் மத்தியானம் திருட்டுத்தனமா மாத்தினேன்!”

“நீங்க மாத்தினீங்களா?” வாத்தியாரின் குரல் உடைந்தது. “ஐயோ, நானும் மாத்தினேனே!”

“எப்போ?”

“புதன்கிழமை! துணியைக்கூடச் சரியாப் பிரிக்காம, மேல இருந்ததை எடுத்து மாத்தினேன். ஞாயிற்றுக்கிழமை ரெண்டும் வலதா இருந்துச்சு. எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு டாக்டரைப் பார்க்கக்கூடப் போனேன்யா!”

“நானும்தான்யா!”

“பெட்ரோல் டாங்க் ஓரத்துல விட்ட பசை காயறதுக்கு முன்னாடி மூடச் சொன்னது யாரு?”

“நீங்கதான்! இடது இறக்கையில ரெண்டு துளை முட்டை மாதிரி நீண்டிருக்கே, அது யாரு?”

“அது நீங்க! அதை நான் அப்பவே பார்த்தேன்!”

“கொஞ்சம் இருங்க” என்றது மூன்றாவது குரல். “எந்த இறக்கைன்னு சொன்னீங்க?”

கூம்புக்குள் படுத்திருந்த மருந்துக்கடைக்காரருக்கு ஒரு கணம் அது அசரீரியோ என்று தோன்றியது. அவசரமாகப் பின்வாங்கப் பார்த்தார். இடுப்பு பெல்ட் ஒரு கிளிப்பில் மாட்டிக்கொண்டது. யாரோ இரண்டு காலையும் பிடித்து இழுத்தார்கள். மாப்பிள்ளை. வெளியே வந்து நிமிர்ந்தால், மாமனாரின் சிவந்த மூக்கைப் பார்த்துச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியாமல் அவர் நிற்கிறார். பக்கத்தில் மகள் முகம் வெளுத்து நிற்கிறாள். சமையலறை ஜன்னலில் வாத்தியாரின் மனைவி. ஷெட் வாசலில், கையில் அட்டையும் பேனாவுமாக, கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த மனிதர். பரிசோதகர்.

“தொடருங்க” என்றார் அவர். “இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?”

வாத்தியார் கன்னை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“எத்தனையோ விமானம் பார்த்திருக்கேன். கட்டினவங்க யாருமே தங்களோட குறையைச் சொல்ல மாட்டாங்க. நான்தான் டார்ச் அடிச்சு, சின்ன முகக்கண்ணாடியை உள்ளே விட்டுத் தேடணும். இன்னைக்குத்தான் நின்ன இடத்துலயே முக்கால்வாசி வேலை முடிஞ்சுது.” பிறகு மகள் பக்கம் திரும்பினார். “இவங்க ரெண்டு பேரும் என்ன உறவு?”

“சம்பந்திங்க” என்றாள் அவள் ஈனசுரத்தில்.

“அதானே பார்த்தேன். அண்ணன் தம்பியா இருந்தா முதல் நாளே சண்டை போட்டு, தகடு தப்பிச்சிருக்கும்.”

அவர் மீதி இடங்களையும் பார்த்தார். முக்குத் தகடுகள் இரண்டையும் தூக்கிப் போடச் சொன்னார். நீண்டுபோன துளைகளுக்குப் பெரிய ரிவெட் போடச் சொன்னார். குழிந்த இடத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்றும், பசை எங்கே மறுபடி பூச வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, சரியானபின் வருவதாகக் கிளம்பினார்.

அன்று வீட்டில் மருந்துக்கடைக்காரருக்கு நடந்த அர்ச்சனையைச் சொல்ல ஏடு கொள்ளாது. “யோவ்ங்கறதா? சம்பந்தியை? தெருவே கேட்டுதாமே!” மகள் இரண்டு நாள் போனை எடுக்கவில்லை. எடுத்தபோது வாத்தியாரின் மனைவியிடம் கொடுத்தாள். மருந்துக்கடைக்காரரின் மனைவி மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அந்த அம்மாள் சொன்னாள்: “விடுங்க. அந்த வார்த்தையைச் சொல்லணும்னு எனக்கே எத்தனையோ நாள் ஆசை.”

ஆனாலும் மருந்துக்கடைக்காரருக்கு மனம் ஆறவில்லை. மூக்கைவிட அதுதான் வலித்தது. அந்த மனிதர் கண் கலங்கித் தகட்டைக் காட்டிய முகம் திரும்பத் திரும்ப வந்தது. நல்லதுக்குத்தான் மறைத்தோம். நல்லதுக்குத்தான் அவரும் மறைத்தார். இனி ஞாயிற்றுக்கிழமை போவதா வேண்டாமா?

வியாழக்கிழமை காலை, கடையில் கூட்டமாக இருந்த நேரம், வரிசையின் கடைசியில் வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். கையில் காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று. தன் முறை வரும்வரை பேசாமல் நின்று, வந்ததும் பொட்டலத்தைக் கண்ணாடி மேடையில் பிரித்தார். புதிதாக வெட்டிய இரண்டு தட்டைத் தகடுகள். மேலே ஒரு மார்க்கர் பேனா.

“எது இடது, எது வலதுன்னு நீங்க எழுதிக் கொடுங்க. நான் அதன்படி மடிக்கிறேன்” என்றார். “என் கணக்கை நானே இப்ப நம்பறதில்லை.”

மருந்துக்கடைக்காரர் பேனாவைத் திறந்தார். ஒரு தகட்டில் ‘இடது’ என்று எழுதினார்.

“அது வலது” என்றார் வாத்தியார்.

“இடது.”

“விமானத்துக்குப் பின்னால நின்னு பார்த்தா இடது. உள்ளே படுத்துக்கிட்டுப் பார்த்தா?”

“உள்ளே படுத்தது நான். நான் சொல்றேன், இடது!”

குரல் உயர்ந்தது. இருமல் மருந்துக்கு வந்த ஓர் அம்மாள் பொறுமை இழந்து, தன் இரண்டு கைகளையும் மேடையில் வைத்து, “இந்தா, இது வலது, இது இடது. எனக்கு மருந்தைக் கொடுங்க, அப்புறம் அடிச்சுக்குங்க” என்றாள். அவள் கைகளின்மேல் தகடுகளை வைத்துப் பார்த்துத்தான் கடைசியில் எழுதினார்கள். மருந்துக்குக் காசு வாங்கவில்லை.

அதன்பிறகு ஷெட்டுக்குள் ஒரு சட்டம் வந்தது. யார் போட்டது என்று சொல்ல முடியாது. வாசலில் செருப்பை விடும்போது மரியாதையையும் சேர்த்து வெளியே விட்டுவிடுவார்கள். உள்ளே ‘அடி’, ‘நிறுத்து’, ‘கோணல்’, ‘பிடுங்கு’. வெளியே வந்து டீ குடிக்க உட்கார்ந்தால் மறுபடி, “சர்க்கரை போதுமா சம்பந்தி?” “போதும் சம்பந்தி, நீங்க எடுத்துக்குங்க.” முதலில் இரண்டு வீட்டுப் பெண்களும் பயந்தார்கள். பிறகு பழகிக்கொண்டார்கள்.

புதுத் தகடுகள் உட்கார்ந்தபின் வால் தகட்டை நல்ல வெயிலில் காய வைத்தார்கள். சூட்டில் தகடு ஒரு மயிரிழை விரியும், அப்போதே பொருத்தினால் குளிர்ந்தபின் இழுத்துப் பிடித்துக்கொள்ளும் என்று வாத்தியார் எங்கோ படித்திருந்தார். துணியால் பிடித்துத் தூக்கி வந்து போர்த்தினார்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் கிளிப் போட்டுக்கொண்டே போனார்கள். மருந்துக்கடைக்காரர் கூம்புக்குள் ஊர்ந்தார்.

“அடி!”

டர்ர்ர்.

“நிறுத்து! அடுத்தது. அடி!”

மாலைக்குள் முடிந்தது. வெளியே வந்த மருந்துக்கடைக்காரர் தகட்டின் நடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். சத்தமில்லை. இன்னொரு இடத்தில் அழுத்தினார். சத்தமில்லை. வாத்தியாரும் குனிந்து, காதை வைத்து, தட்டிப் பார்த்தார். இருவரும் அந்த வாலைச் சுற்றிச் சுற்றி வந்து, நல்ல மாட்டைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தார்கள். வாத்தியாரின் மனைவி விளக்கைப் போட்டுவிட்டுப் போனாள்.

பரிசோதகர் திரும்ப வந்து ஒரு மணி நேரம் தேடினார். இந்தத் தடவை யாரும் சத்தம் போடவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். எஞ்சின் வந்தது, கண்ணாடி வந்தது, லாரியில் ஏற்றி ஓடுபாதைக்குக் கொண்டுபோனார்கள். அனுபவப்பட்ட விமானி ஒருவர் முதலில் தனியாகவும் பிறகு வாத்தியாரைப் பக்கத்தில் வைத்தும் ஓட்டிப் பார்த்து, “நல்லாப் பறக்குது” என்றார்.

அப்புறம்தான் வாத்தியார் மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டார். “வர்றீங்களா சம்பந்தி?”

“எந்த ரிவெட்டை யார் அடிச்சதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் எப்படி வர்றது?” என்றார் அவர். அப்படிச் சொல்லிக்கொண்டே ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். வேலியோரம் நின்ற மனைவியும் மகளும் கையசைத்தார்கள். அவர் கையசைக்கவில்லை. இரண்டு கையும் இருக்கையைப் பிடித்திருந்தன.

ஓடுபாதை முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தடதடப்பு சட்டென்று நின்றபோதுதான் திறந்தார். கீழே வயல்களும் கூரைகளும் மெதுவாகப் பின்னால் நழுவின. அவற்றின்மேல் சின்னதாக ஒரு நிழல், ஏறி இறங்கி, வேலி தாண்டி, கூடவே ஓடி வந்தது. அது தங்கள் நிழல்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கழுத்தை வளைத்து வால் பக்கம் பார்க்க முயன்றார். தெரியவில்லை. காதை வைத்துக் கேட்டார். எஞ்சின் சத்தம்தான்.

“இன்னும் கொஞ்சம் மேலே போகலாமா சம்பந்தி? உங்களுக்குச் சௌகரியப்பட்டா…”

“போ!” என்றார் மருந்துக்கடைக்காரர்.